ஒரு மாத விடுப்பு

முருகன் துணை

அடிவாரம், பழனி
8.1.1981

அன்புத் தம்பி நாச்சிமுத்துவுக்கு,

அக்கா சிவபாக்கியம் எழுதுவது. அப்பா இருந்தபடியே இருக்கிறார், நானும் நடமாடிக்கொண்டிருக்கிறேன். கொடைக்கானலில் இந்த மார்கழிக் குளிரை நீயும் அருள்மேரியும் எப்படித்தான் தாங்குகிறீர்களோ.

இங்கே தைப்பூசத்துக்குப் பாதயாத்திரைக் கூட்டம் இப்போதே வரத் தொடங்கிவிட்டது. கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறேன். காவடிச் சத்தம் கேட்டால் அப்பாவுக்குக் கண் கலங்குகிறது. ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் கிடக்கும் அவருக்கு இது இரண்டாவது தைப்பூசம். கையும் காலும் அப்படியேதான். பேச்சு மட்டும் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. என்னை வைவதற்கு அது போதுமாக இருக்கிறது.

ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். பங்குனி உத்திரத்துக்கு முன்னால் நீ ஒரு மாதம் இங்கே வந்து இருக்க முடியுமா? எனக்கு மதுரையில் ஒரு சோலி இருக்கிறது. போனால் உடனே திரும்ப முடியாது. சமைத்துப் போட ஆள் கிடைக்கிறது. தூக்கிப் புரட்டிப் போடவும் துடைத்துவிடவும் யாரும் நிற்பதில்லை. போன மாதம் வந்தவள் அவர் வாய்க்குப் பயந்து சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனாள்.

நீ அருள்மேரியைக் கட்டிக்கொண்ட கோபம் அவருக்குத் தீரவில்லை, அன்றைக்கு அவர் பேசியதை நீயும் மறக்கவில்லை. அது தெரிந்துதான் இதுவரை உன்னைக் கூப்பிடவில்லை. டீச்சர் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தபோதுகூடக் கூப்பிடவில்லை. இப்போது கூப்பிடுகிறேன்.

யோசித்து எழுது. அருள்மேரியைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
சிவபாக்கியம்


கொடைக்கானல்
2.2.1981

அன்பு அக்கா,

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் போடாமல் இருந்ததற்குத் திட்டுங்கள். நான் வருகிறேன். அதில் சந்தேகமே வேண்டாம். எப்போது என்பதுதான் இப்போது பிரச்சினை.

ஒரு மாதம் என்றால் கிளினிக்கைத் தயார்படுத்திவிட்டுத்தான் கிளம்ப முடியும். பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வர இது கடை இல்லையே. நர்ஸ் கித்தேரியம்மாளும் கம்பவுண்டர் செபாஸ்டினும் கெட்டிக்காரர்கள்தான், ஆனாலும் ஒரு டாக்டர் செய்வதை அவர்கள் செய்ய முடியாது. புதன்கிழமை ஜீப்பில் கவுஞ்சி, சனிக்கிழமை பள்ளங்கி. நான் போகாவிட்டால் அந்த ஊர்களில் ஊசி போட ஆள் இல்லை. பிரசவத்துக்கு நாள் நெருங்கியவர்கள் இருக்கிறார்கள். காச நோய்க்காரர்கள் நான் அதட்டினால்தான் மாத்திரை விழுங்குகிறார்கள்.

எனக்குப் பதிலாக உட்கார ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். திண்டுக்கல்லில் கந்தவேல் என்று ஒரு பையன் படிப்பை முடித்துவிட்டு இருக்கிறான். மே மாதம் வந்து என்கூட இருந்து பழகிக்கொள்கிறேன் என்கிறான். சீசனில் நான் இந்த இடத்தை விட்டு அசைய முடியாது என்பது உங்களுக்கே தெரியும். குதிரையிலிருந்து விழுபவர்களே தினம் வருவார்கள். ஆகவே ஜூன் மாதம். கட்டாயம் ஜூன்.

நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள் என்று எழுத்திலேயே தெரிகிறது. நல்ல இரும்புச்சத்து டானிக் இரண்டு பாட்டில் செபாஸ்டினிடம் கொடுத்துவிடுகிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு ஸ்பூன். விடாமல் குடியுங்கள்.

அன்புடன்,
நாச்சிமுத்து


அடிவாரம், பழனி
20.2.1981

அன்புத் தம்பிக்கு,

ஜூன் என்றால் ஜூன். உன்னை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று படிக்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது.

செபாஸ்டின் டானிக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மலையில் உருளைக்கிழங்கு விளைச்சல் பற்றி அரை மணி நேரம் பேசினார். அவர் போன பிறகு அப்பா, “அந்தாளு நம்ம டாக்டருகிட்டயா வேலை பாக்குறாரு?” என்று கேட்டார். உன் பேரைச் சொல்லவில்லை என்றாலும் நம்ம டாக்டர் என்று அவர் வாயிலிருந்து வந்தது. உனக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

டானிக் குடிக்கிறேன். அசதி அப்படியே இருக்கிறது. தூக்கும்போதுதான் கஷ்டம். அவர் இளைத்துத்தான் போயிருக்கிறார், ஆனால் விழுந்த உடம்புக்குக் கனம் கூடிவிடும் போலிருக்கிறது.

மதுரைக்கு ஜூனில் வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டேன்.

அக்கா


கொடைக்கானல்
14.6.1981

அன்பு அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உங்களுக்கு இதை எழுத எனக்கே கூசுகிறது.

கந்தவேல் சொன்னபடி வந்தான். எல்லாம் அவனுக்காகத் தயார் செய்திருந்தேன். மருந்து அலமாரியை ஒழுங்குபடுத்தி ஒவ்வொரு தட்டுக்கும் சீட்டு ஒட்டினேன். அவனை வீடு வீடாகக் கூட்டிப்போய்ப் பிரசவக்காரிகளைக் காட்டினேன். கவுஞ்சியில் ஒரு அம்மாள் அவன் முகத்துக்கு நேராகவே, “இந்தத் தம்பி இருக்கட்டும், எங்க டாக்டரு எப்பத் திரும்பி வருவாரு?” என்று கேட்டாள். அவன் சிரித்தான். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அதையும் மறைக்காமல் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் அவனுக்கு ராமநாதபுரத்தில் அரசாங்க வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது. போகாதே என்று எப்படிச் சொல்ல முடியும்? அவன் கிளம்பிய மறுநாள் கவுஞ்சியில் குழந்தைகளுக்கு அம்மை போட ஆரம்பித்திருக்கிறது. இரண்டு குழந்தைகளுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. இப்போது விட்டுவிட்டு வந்தால் ஊர் என்னை மன்னிக்காது.

அருள்மேரி வேறு மாதிரி சொல்கிறாள். “மூடிட்டுப் போங்க. ஒரு மாசம் சனங்க வேற டாக்டர்ட்டப் போவாங்க. மதினி இதுவரைக்கும் உங்கட்ட ஒண்ணு கேட்டதில்ல” என்றாள். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விடுகிற மாதிரி கிளினிக்குக்கும் விடலாம் என்று நினைக்கிறாள். அவளுக்குச் சொன்னாலும் புரிவதில்லை. இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை.

புரட்டாசிக்குள் வேறு ஆள் பார்த்துவிடுகிறேன். அதற்குள் மதுரைச் சோலி கெட்டுப்போகாது என்று நம்புகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாச்சிமுத்து


அடிவாரம், பழனி
3.9.1981

தம்பிக்கு,

இதை அருள்மேரியையும் படிக்கச் சொல். அவளுக்கே நேராக எழுதியிருக்கலாம். ஏனோ அது தோன்றாமல் போய்விட்டது.

பெண்பிள்ளை விஷயம் என்பதால் உனக்கு எழுதக் கூச்சமாக இருந்தது. நீ டாக்டர்தான். ஆனால் உனக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான். எனக்குத் தீட்டு நின்று இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன ஐப்பசியில் மறுபடி ரத்தம் பட்டது. நின்றுவிடும் என்று இருந்தேன். நிற்கவில்லை. மார்கழியில் இங்கே லேடி டாக்டர் விசாலாட்சியிடம் போனேன். கர்ப்பப்பையில் கட்டி இருக்கலாம், மதுரைக்குப் போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டும், எடுக்கவும் வேண்டியிருக்கும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். அதுதான் நான் சொன்ன சோலி.

இப்போது கட்டி கட்டியாகப் போகிறது. திங்கட்கிழமை காலையில் அப்பாவைத் தூக்கும்போது கண் இருட்டிவிட்டது. அவரோடு சேர்ந்து நானும் கீழே விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. அவருக்கும் முடியாது. பால்காரர் வந்து தூக்கிவிடும்வரை இரண்டு பேரும் தரையிலேயே கிடந்தோம். அப்பா நல்ல கையால் என் தலையைத் தடவி, “பாக்கியம், அவனுக்கு எழுதும்மா. நாஞ் சொன்னேன்னு எழுது” என்றார்.

எழுதிவிட்டேன்.

சிவபாக்கியம்


கொடைக்கானல்
6.9.1981

அக்கா,

இதை அருள்மேரி கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கடிதத்தை முதலில் அவள்தான் பிரித்தாள். படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நான் படித்து நிமிர்வதற்குள் துணிமணியை எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டாள். நாளை வெள்ளனே முதல் பஸ்ஸில் அங்கே வருகிறாள். உங்களை மதுரைக்குக் கூட்டிப்போகப் போவதும் கூட இருக்கப் போவதும் அவள்தான். அங்கே என்னோடு படித்த டாக்டர் ஒருவருக்குத் தந்தி கொடுத்திருக்கிறேன். அவர் உங்களை உடனே சேர்த்துக்கொள்வார். நான் மறுநாள் மாலைக்குள் அப்பாவிடம் வந்துவிடுவேன். அதுவரை பால்காரரையும் பக்கத்து வீட்டாரையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவளைப் பார்த்து அப்பா ஏதாவது சொன்னால் நீங்கள் நடுவில் போகாதீர்கள். அவள் சமாளித்துக்கொள்வாள்.

கிளினிக்கை மூடுகிறேன். நாள் நெருங்கியவர்களை ஊரிலுள்ள இன்னொரு டாக்டரிடம் ஒப்படைத்தாயிற்று. அவர் சரி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். காச நோய்க்காரர்களுக்குக் கித்தேரியம்மாள் வாரா வாரம் மாத்திரை கொடுப்பாள். கவுஞ்சிக்குச் செபாஸ்டின் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறோம். இவ்வளவுதான் அக்கா வேலை. எட்டு மாதமாக நான் தயார்படுத்திக்கொண்டிருந்தது இரண்டு நாளில் முடிந்துவிட்டது. பலகையை மாட்டிவிட்டு அந்த வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். செபாஸ்டின் என்னை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார்.

என்ன சோலி என்று நான் கேட்கவே இல்லை. ஒரு வரி கேட்டிருந்தால் போதும். வேறு யாராவது ஒரு பெண் இந்த வயதில் அசதி என்று வந்து நின்றிருந்தால் நாலு கேள்வி கேட்காமல் மருந்தைக் கையில் கொடுத்திருக்க மாட்டேன்.

நாச்சிமுத்து


அடிவாரம், பழனி
4.10.1981

அன்பு அக்கா,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அருள்மேரி வந்து சொன்ன பிறகுதான் இந்த வீட்டில் இரண்டு ஆண்களும் சாப்பிட்டோம். தையல் பிரித்தாயிற்றா? இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு முதுகில் புண் வந்துவிட்டது. நான் வந்த பிறகுதான். உங்களிடம் இரண்டு வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் கிடந்த உடம்பு. புரட்டிப் போட வேண்டும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ராத்திரியும் பகலும் எழுந்து நாமே அதைச் செய்வது வேறு என்று இங்கே வந்துதான் தெரிகிறது. இப்போது மருந்து போட்டு ஆறி வருகிறது. நான் குளிப்பாட்டினால் தண்ணீர் சூடு என்கிறார், ஆற்றினால் குளிர் என்கிறார். “பாக்கியம்னா பதமா ஊத்துவா” என்கிறார். அருள்மேரி மதுரையிலிருந்து வந்து போகிற நாட்களில் ஊட்டினால் முதலில் வாயை இறுக்கிக்கொண்டார். பசித்ததும் திறந்துவிட்டார். அவளும் ஒன்றும் நடக்காதது மாதிரி அடுத்த வாய் ஊட்டினாள்.

அவருக்கும் எனக்கும் பேச்சு அதிகம் இல்லை. பழசை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நேற்று முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சுவரைப் பார்த்தபடியே, “நீ வந்திருக்கியே, அங்க நோயாளிகளுக்கு யாரு?” என்று கேட்டார். வேறு டாக்டர் இருக்கிறார் என்றேன். “அப்ப முன்னாலயே வந்திருக்கலாம்ல” என்றார். வைகிற மாதிரியே சொல்லவில்லை. நான் துணியைப் பிழிகிற சாக்கில் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

செபாஸ்டின் எழுதியிருந்தார். மலையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பிரசவமும் சுகம். படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி இல்லை அக்கா. அது என்னவென்று உங்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

வெரசாத் தேறி வாருங்கள். வீடு உங்களுக்காகக் காத்திருக்கிறது. இனி வாரம் ஒரு தடவை நான் கட்டாயம் வந்து போவேன்.

நாச்சிமுத்து


மதுரை
15.10.1981

அன்புத் தம்பிக்கு,

எழுந்து நடக்கிறேன். வார்டில் எல்லோரோடும் பழகிவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரி கேப்பைக் களியைப் பற்றியே பேசிப் பேசி எல்லோருக்கும் பசி கிளப்பிவிடுகிறாள். என்கூடப் பயிற்சிப் பள்ளியில் படித்த தமயந்தி பார்க்க வந்திருந்தாள். கன்னிவாடியில் பள்ளிக்கூடம் நடத்துகிறாளாம். அவளுக்கு நான் கடிதம் எழுதி இருபது வருஷம் ஆகிவிட்டது. எப்படியோ கேள்விப்பட்டு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நிற்கிறாள்.

தீபாவளி கழித்துக் கரண்டு வைக்க வேண்டும், அதாவது கதிர் சிகிச்சை, என்று பெரிய டாக்டர் சொல்லியிருக்கிறார். எடுத்த கட்டியைச் சோதித்ததில் அது பையின் சுவரைத் தாண்டிவிட்டதாம். நர்ஸ்கள் என்னைப் பார்த்து அளவுக்கு மீறிச் சிரிக்கிறார்கள். அருள்மேரி ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வருகிறாள்.

உன் சிநேகிதர் எல்லாவற்றையும் உனக்கு எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால் உன்னிடம் கேட்கிறேன். மார்கழியில் உனக்கு எழுதினேனே, அப்போதே நான் வந்திருந்தால் ஆபரேஷனோடு முடிந்திருக்குமா? இந்தக் கரண்டு வேண்டியிருந்திருக்காதா? தேறுதல் சொல்லாதே. பெரியவர்களுக்குச் சொல்கிற மாதிரி சொல்.

அக்கா


அடிவாரம், பழனி
19.10.1981

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஆமாம். அப்போதே வந்திருந்தால் பெரும்பாலும் ஆபரேஷனோடு முடிந்திருக்கும்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். கட்டி வயிற்றில் வேறு எங்கும் பரவியிருக்கவில்லை. கரண்டு வைத்த பிறகு நன்றாக இருப்பவர்கள் நிறையப் பேர். நீங்களும் இருப்பீர்கள் என்று நம்ப எனக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அது இல்லை. பதில் ஆமாம்தான்.

நான் கிளினிக்கைக் காரணம் காட்டினேன். அது பொய்யில்லை. ஆனால் அப்பா முகத்தில் விழிக்க வேண்டுமே என்பதும் கூடவே இருந்தது. மலையில் எல்லோரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள். இங்கே எனக்காக யாரும் இல்லை என்று நானாக முடிவு செய்துகொண்டேன். நீங்கள் இருந்தீர்கள்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள். சிகிச்சை முடிந்து நீங்கள் வீட்டுக்கு வந்ததும் என்ன செய்யச் சொல்கிறீர்களோ அதைச் செய்கிறேன்.

நாச்சிமுத்து


கன்னிவாடி
18.12.1981

அன்புத் தம்பி நாச்சிமுத்துவுக்கு,

கரண்டு வைத்து முடிந்தது. தோல் கறுத்திருக்கிறது, சாப்பாடு இறங்குவதற்குக் கொஞ்சம் நாளாகும் என்றார்கள். விலாசத்தைப் பார்த்திருப்பாய். மதுரையிலிருந்து நேராகத் தமயந்தி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ எழுதிய பதிலை ரொம்ப நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். மறைக்காமல் எழுதினாய். அது நல்லது. படித்தபோது உன்மேல் எனக்கு வந்த கோபம் எனக்கே புதிதாக இருந்தது. உன்மேல் நான் கோபப்பட்டதே கிடையாது, உனக்கே தெரியும். மன்னிப்புக் கேட்டால் கொடுத்துவிடுவேன் என்று எழுதியிருந்தாயே. இந்தத் தடவை கொடுத்திருக்க மாட்டேன். கேட்காமல் விட்டது சரிதான். இந்தக் கோபம் ஆற எத்தனை நாளாகுமோ தெரியாது. ஆறட்டும். அவசரம் ஒன்றும் இல்லை.

வீடு காத்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரியும். அதனால்தான் வரவில்லை. அங்கே வந்தால் மறுநாளே நான் குனிந்து தூக்க ஆரம்பித்துவிடுவேன். நீ வாரம் ஒரு தடவை வருவாய், பிறகு மாதம் ஒரு தடவை, பிறகு சீசன் வந்துவிடும். கெட்டவன் என்பதால் இல்லை. என்னால் முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்.

தைக்குப் பிறகு இங்கே மூன்றாம் வகுப்பை என்னிடம் கொடுக்கிறேன் என்கிறாள் தமயந்தி. உட்கார்ந்தே பாடம் நடத்தலாமாம். போர்டைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. இரண்டு நாள் சும்மா போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு குட்டி என்னைப் புது மாணவி என்று நினைத்துச் சிலேட்டுக் குச்சி கொடுத்தாள்.

அப்பாவை மலைக்குக் கூட்டிப்போ. அருள்மேரி மதுரையில் இருக்கும்போதே இதை என்னிடம் சொன்னாள். கிளினிக்குக்குப் பின்னால் உள்ள அறையை அவருக்கு ஒழித்துக் கொடுக்கலாம், நீ நோயாளிகளுக்கு நடுவில் எழுந்து போய்ப் புரட்டிப் போடலாம், கித்தேரியம்மாள் கைகொடுப்பாள் என்றாள். உன்னிடம் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். அப்பா முடியாது என்பார், குளிர் என்பார், அந்த வீட்டுத் தண்ணீர் என்பார். ஏற்கெனவே அவள் கையால் சாப்பிட்டாயிற்று என்று ஞாபகப்படுத்து. கால் பக்கம் கம்பளியை இறுக்கிச் செருகாதே, அவருக்குப் பிடிக்காது. பாலில் சுக்குத் தட்டிப் போடச் சொல். வைதால் வையட்டும், வைகிற நாள் நல்ல நாள். பேசாமல் கிடந்தால்தான் பயப்பட வேண்டும்.

நான் எங்கே என்று கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லாதே. பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள் என்று சொல்.

இப்போதைக்கு இங்கே வராதே. அருள்மேரி வரலாம். சித்திரையில் வெயில் ஏறியதும் நானே பஸ் ஏறிக் கொடைக்கானலுக்கு வருகிறேன். அப்பாவைப் பார்க்க வருவேன், தம்பி. பார்த்துக்கொள்ள வர மாட்டேன்.

உன் அக்கா,
சிவபாக்கியம்